பத்தாயத்துக்கு ஒரு அறை

போன வருஷம் இந்தப் பக்கத்தில், என் வீட்டு ஓட்டுக்கூரையை மாற்றிய கதையை எழுதித் தொலைத்தேன். அன்று பிடித்தது சனி. பழைய வீடு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் இப்போது நான்தான் சம்பளமில்லாத இன்ஜினீயர்!

"சார், வீட்டை ரெனவேட் பண்ணலாம்னு இருக்கேன். நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டு ஐடியா சொல்லணும்."

போன மாதம் இப்படி அழைத்தவர் ராமமூர்த்தி. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வலங்கைமான் பக்கத்தில் தாத்தா கட்டிய வீட்டில் இருக்கிறார்.

ஐடியா கேட்பவர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இவர்கள் யாரும் ஐடியா கேட்பதில்லை... ஆமாம் போட ஆள் தேடுகிறார்கள். ராமமூர்த்தி எனக்கு முன்பே ஊரைக் கேட்டு முடித்திருந்தார். சிங்கப்பூர் மச்சினன் வீடியோ காலில் கிரானைட் என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு முகப்பில் 'எலிவேஷன்' வேண்டுமாம். வருஷத்துக்கு இரண்டு நாள் வந்து தங்குகிற மாப்பிள்ளை!

போனேன். நுழையும்போதே வாசல் நிலை 'ணங்' என்று தலையில் இடித்தது.

"பாத்து வாங்க சார். ரோடு போடறப்பல்லாம் வீடு பள்ளமாயிடுது. ரெண்டு தடவை தரையை உசத்திட்டேன். அதுவும் நாலு பேரைக் கேட்டுத்தான் செஞ்சேன்."

தரை உயர்ந்தால் வருகிறவன் தலை நிலையில் இடிக்கும் என்று அந்த நாலு பேரில் ஒருத்தருக்குக்கூடவா தோன்றவில்லை?

கூடத்தை ஒட்டி ஓர் அறை. அறை முழுக்க ஒரு பத்தாயம் — அந்தக் காலத்தில் நெல் கொட்டி வைத்த மரப்பெட்டி, ஆளுயரத்துக்கும் மேல். எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். உள்ளே ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் நெல் களத்திலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது.

"இதுக்கு ஒரு ஃபோகஸ் லைட் குடுக்கலாமா சார்?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனா? இல்லையே... "மஞ்சள் லைட்டா போடுங்க, எடுப்பா இருக்கும்" என்றேன். அரை மணி நேரம் அந்தக் காலிப் பெட்டிக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ வேண்டும் என்று இரண்டு பேரும் விவாதித்தோம். வெட்கக்கேடு.

அவர் மனைவி சரோஜா அம்மாள், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டு, பாத்ரூம் எங்கே என்று கேட்டேன்.

"கொல்லையில சார். படி பாத்து எறங்குங்க."

வீட்டுத் தரையை உயர்த்தினார்களே தவிர, கொல்லையை யார் உயர்த்தினார்கள்? மூன்றாக இருந்த படி ஐந்தாகியிருக்கிறது. பாசி வேறு. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. இறங்கி, ஈரத்தில் இருபது அடி நடந்து போய்ச் சேர்ந்தால், குத்தவைத்து உட்காருகிற பழைய பீங்கான். எழுந்திருப்பதற்குள் எனக்கே முட்டி கழன்றுவிட்டது.

திரும்பி வரும்போது சமையலறை வாசலில் சரோஜா அம்மாள் நின்றிருந்தார்.

"நீங்க எப்படிம்மா தினம் போயிட்டு வர்றீங்க?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல நான் தண்ணியே குடிக்கறதில்லைங்க. கிட்னில கல்லு இருக்கு, நெறைய தண்ணி குடிங்கன்னு டாக்டர் திட்டறாரு. குடிச்சா எறங்கணுமே..."

"சார்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். நாலு பேரைக் கேட்டுட்டு செய்யலாம்னாரு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி அவர் மேல். மீதி, மஞ்சள் லைட் சொன்ன என் மேல். கூடத்துக்குப் போய் நேராகவே சொன்னேன்.

"அந்தப் பத்தாயத்தைக் கழட்டுங்க. அந்த ரூம்ல ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் போடுங்க. கைப்பிடி வச்சு."

ராமமூர்த்தி பதறிவிட்டார். "மகாலட்சுமி இருந்த எடம் சார்! அங்க போயா?"

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நெல்லு போயி இருபது வருஷமாச்சு. அவ மட்டும் ஏன் இன்னும் உள்ளயே உக்காந்திருக்கா? அவளுக்கும் முட்டி வலி போலிருக்கு, எறங்க முடியல!"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எதுக்கும் மச்சினனை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் சார்" என்றார்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கிளம்புகிற கனவான்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அந்த வீட்டில் தினமும் நடமாடுகிற ஆள் ஒருத்தர் இருக்கிறாரே, அவரை என்றைக்காவது கேட்டீர்களா? ரோட்டில் போகிறவன் நின்று பார்க்க முகப்பு. மாப்பிள்ளை மெச்ச எலிவேஷன். காலிப் பெட்டிக்குக் கூடத்தை ஒட்டித் தனி அறை. வீட்டுக்காரிக்குப் பாசி பிடித்த படி! இதற்குப் பெயர் இம்ப்ரூவ்மென்ட் என்று வேறு சொல்லிக்கொள்கிறீர்கள்.

நேற்று சரோஜா அம்மாளே போன் செய்தார். பத்தாயத்தைப் பலகை பலகையாகக் கழற்றிவிட்டார்களாம். டாய்லெட் தயாராம்.

"பரவாயில்லையே... உங்க தம்பி ஒத்துக்கிட்டாரா?"

"அவன் எங்க சார் ஒத்துக்கிட்டான்? இன்னும் கிரானைட்டுலயே நிக்கிறான். போன மழையில இவரு கொல்லைப் படில வழுக்கி விழுந்து, கால் பிசகிடுச்சு. மறுநாள் காலையில கொத்தனார் வந்துட்டாரு."

இந்தத் தடவை அவர் யாரிடமும் ஐடியா கேட்கவில்லையாம்!