லோஸ் சித்தியோஸ் எலியேசர்

எலியேசரின் சைக்கிள் ரிக்‌ஷாவில் இருக்கைக்கு அடியில் ஒரு கார் பேட்டரி, முதுகுப்பக்கம் இரண்டு ஸ்பீக்கர். ஹவானாவின் லோஸ் சித்தியோஸ் பகுதியில் மின்சாரம் போனால் தெருவில் மிச்சமிருப்பது அந்தச் சத்தம்தான். அதனால் ரெகேட்டோன் என்ற ஆட்டப்பாட்டு பாடுகிறவர்கள் புதுப் பாட்டை முதலில் அவனிடம்தான் கொடுப்பார்கள். ரொட்டி வரிசையைக் கடக்கும்போது போடுவான். வரிசையில் நிற்பவர்களின் இடுப்பு அசைந்தால் பாட்டு தேறிவிட்டது. ஒரே நிபந்தனை: வெளியாகும்வரை யாருக்கும் பிரதி தரக்கூடாது. அதை அவன் ஒருநாளும் மீறியதில்லை.

நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள குவாந்தனாமோவில் கரும்பாலை மூடியதும் ஹவானாவுக்கு வந்தவன். வந்து பதினாறு வருடமாகியும் தெரு வைத்த பெயர் மாறவில்லை.

"ஏய் கெழக்கத்தியான், மெதுவாப் போ! இது ஒங்க ஊரு மாட்டுவண்டி இல்ல" என்பாள் முடிதிருத்தும் நெரெய்டா, தினமும் அவன் வண்டியிலேயே ஏறிக்கொண்டு.

மார்ச்சில் ரெய்டெல் ஒரு பாட்டைக் கொண்டுவந்தான். இதே தெருவில் பிறந்த பாடகன். பாட்டின் தொடக்கத்தில் தெரு ஆட்களின் பெயரைக் கூவுவது இந்த இசையில் வழக்கம். தாளம் விழுவதற்குமுன் அவன் குரல் கூவியது: "லோஸ் சித்தியோஸ் எலியேசர்!"

எலியேசர் மிதிப்பதை நிறுத்திவிட்டான். குவாந்தனாமோ எலியேசர் இல்லை. லோஸ் சித்தியோஸ் எலியேசர்.

அன்று மாலை நெரெய்டா கைபேசியை நீட்டினாள். "அனுப்பி விடேன். ஒம் பேரு வருது, நான் நாலு பேருக்குக் காட்ட வேணாமா?"

அனுப்பிவிட்டான்.

மூன்றாம் நாள் ரெய்டெல் வந்தான். பாட்டு வெளியே போன விஷயம் அவனுக்கு இன்னும் எட்டவில்லை. முகத்தைப் பார்க்காமலே பேசினான். "அண்ணே, வீடியோவுக்கு மயாமிக்காரர் ஒருத்தர் செலவு பண்றாரு. ஆரம்பத்துல அவர் பேரு வரணுமாம்."

"அப்ப என் பேரு?"

"அடுத்த பாட்டுல வச்சுக்கலாம்ணே."

"சரிடா" என்றான் எலியேசர். பிரதி கொடுத்ததைச் சொல்ல வாய் திறந்தான், சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் தெருமுனையில் மேடை. கேமராவும் வந்திருந்தது. எலியேசர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இருக்கையில் உட்கார்ந்திருந்தான். ரெய்டெல் மைக்கை எடுத்து மயாமிக்காரரின் பெயரை ஆரம்பித்தான். முடிக்க முடியவில்லை. முந்நூறு நானூறு பேர் ஒரே குரலில் கத்தினார்கள்:

"லோஸ் சித்தியோஸ் எலியேசர்!"

ரெய்டெல் இசையை நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கச் சொன்னான். மறுபடியும் அதே கத்தல். முன்வரிசையில் நெரெய்டாவின் தொண்டைதான் பெரிது. மூன்றாவது தடவை ரெய்டெல் சிரித்துவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். ஆனால் அவன் பார்வை ஓரத்து வண்டிக்கு வந்தது. ரொட்டி வரிசையில் கேட்டு மட்டும் இத்தனை பேருக்கு மனப்பாடமாகியிருக்காது; பிரதியை யார் கொடுத்திருப்பார்கள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

அடுத்த வாரம் ரெய்டெலின் புதுப் பாட்டு வேறொருவன் ரிக்‌ஷாவிலிருந்து கேட்டது. மற்ற பாடகர்களும் வருவதை நிறுத்தினார்கள். எலியேசர் யாரையும் குறை சொல்லவில்லை.

நகரின் இன்னொரு பகுதியான வெதாதோவில் ஒருநாள் முன்பின் தெரியாத ஒருத்தி கைகாட்டினாள். "நீங்கதானே அந்த லோஸ் சித்தியோஸ் எலியேசர்?"

"ஆமா, ஏறுங்க."

பின்னால் கைவிட்டு ஸ்பீக்கரைப் போட்டான். அவன் பெயரில் தொடங்கும் அந்தப் பழைய பாட்டுதான்.