கோணல் மூடி ஜாடி

அந்த ஜாடியின் மூடி எப்போதும் சரியாக உட்காராது. சூளையில் கோணிப்போய் விற்பனைக்கு ஆகாமல் ஒதுக்கப்பட்ட வெள்ளைப் பீங்கான் ஜாடி. எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் அதைத் தன் மேஜையில் வைத்து வலி மாத்திரைகளால் நிரப்பியிருந்தார். விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்குப் போகிறவர்களில் இடுப்பு வலி இல்லாதவர் யார்? குனிந்து குனிந்து அச்சிலிருந்து பொம்மை எடுத்துவிட்டு நிமிர்ந்தால், கேட்காமலே ஒரு மாத்திரை நீட்டுவார். எனக்கு மூன்று வாரமாகத் தினமும் இரண்டு. தன் கை ராசியான கை என்று வேறு அவருக்கு நினைப்பு.

நான் இன்னொரு மாத்திரையும் சாப்பிட்டு வந்தது அவருக்குத் தெரியாது. மனச்சோர்வுக்கானது. அதை சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறிப் போய் வாங்குவேன். உள்ளூர் மருந்துக்கடையில் வாங்கினால் எனக்கு முன்னால் சேதி தெருவுக்கு வந்துவிடும் என்று பயம். அட்டையை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைப்பேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஒருநாள் மலம் தார் மாதிரி கறுத்துப் போனது. மறுநாள் வேலையிடத்தில் தலை சுற்றி விழுந்தேன். அண்ணன்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வயிற்றில் ரத்தக் கசிவு என்ற டாக்டர், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டார்.

"நாந்தாங்க குடுத்தேன். என் கையாலதான் குடுத்தேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டார். பழி முழுவதையும் அவர் தலையில் போட்டுவிட்டுப் படுத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. சேத்தியாத்தோப்பில் வாங்கும் மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். இரண்டும் சேர்ந்தால் கசிவுக்கான ஆபத்து கூடும் என்றார் டாக்டர். வலி மாத்திரையை நிறுத்தினார். மனதுக்கான மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே என்று சொல்லி, வயிற்றைக் காக்க இன்னொன்று எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் வார்டுக்கு வந்த அண்ணன், "இதுக்கா தங்கச்சி சேத்தியாத்தோப்பு வரைக்கும் போன? அந்த பஸ்ஸுல குலுங்கியே இடுப்பு போயிருக்கும்," என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவர் ஓய்வு பெற்றபின் மேஜையும் ஜாடியும் என்னிடம் வந்தன. இப்போது அதில் என் மாத்திரை அட்டை மட்டும்தான் இருக்கிறது. உள்ளூரிலேயே வாங்குகிறேன், நிம்மதியாக இருக்கிறேன். போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் இடுப்பைப் பிடித்தபடி வந்து வலி மாத்திரை கேட்டாள். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்றேன். இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆட்டல் எனக்குத் தெரியாததா? ஜாடியைத் திறந்து என் அட்டையை எடுத்து அவள் முன் வைத்தேன்.

"மனசு சரியில்லாம இருந்ததுக்கு நான் இது போடறேம்மா."

அவள் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நானும் இத வேப்பூருக்குப் போயித்தான் வாங்கறேங்கக்கா," என்றாள்.