சின்ன மனுஷன் விழுந்த பள்ளம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடையாறு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி வாசிப்பவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே படம் மாறிவிட்டது. யார் வீட்டுக் குழந்தையோ, நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்து, பிடியை விட்டுவிட்டு, தள்ளாடித் தள்ளாடி வாசல்படியை நோக்கி நடக்கிறது. பின்னால் ஒரு பெண்குரல் சிரிக்கிறது. குழந்தை படியை நெருங்கிவிட்டது. நான் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன். அதற்குள் படம் அறுந்து, செய்தி வாசிப்பவர் திரும்ப வந்துவிட்டார்.

எங்கள் குடியிருப்பில் யாரோ தங்கள் செல்போன் படத்தைத் தங்கள் டிவியில் போடுவதாக நினைத்து எங்கள் டிவியில் போட்டிருக்கிறார்கள். என் கணவர் பதறிப்போய் உடனே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்றார். நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறேன் என்று அவரிடம் விளக்க ஆரம்பித்தால் நடுவில் எழுந்து போய்விடுவார். உங்களிடம் சொல்கிறேன், கொஞ்சம் உட்காருங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், தி.நகர் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், டிவியும் டேப் ரெக்கார்டரும் ரிப்பேர் பார்க்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கையில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. வீடு வடபழனி. அப்பா சினிமா ஸ்டுடியோவில் லைட்மேன். என் படிப்பைப் பற்றி அவருக்குத் தெளிவான அபிப்பிராயம் இருந்தது. "லைட்டு எரியலன்னா பல்பை மாத்து. இதுக்கு இன்னாத்துக்கு மூணு வருசம் படிச்சே?" என்பார். ஆனால் தெருவில் யாராவது கேட்டால் மகள் இன்ஜினியர் என்றுதான் சொல்லுவார்.

கடை முதலாளி தனகோட்டி அண்ணன். பெண் பிள்ளையை ரிப்பேர் டேபிளில் உட்கார வைப்பதா, கவுண்டரில் பில் போட வைப்பதா என்று அவருக்கு ஒரே யோசனை. கடைசியில், பார்க்கலாம் என்று ஒரு மூலை டேபிளைக் கொடுத்தார். எனக்கு அந்த டேபிள் என்றால் உயிர். சால்டரிங் இரும்பு சூடானதும் எழும் அந்தப் பிசின் புகை இருக்கிறதே, இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் நின்றுவிடுவேன். வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, மெக்கானிக் இல்லையா என்று கேட்பார்கள். முதலில் கொஞ்ச நாள், சாப்பிடப் போயிருக்கிறார் என்று நானே சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

டிவி கேம் என்று ஒன்று அப்போது வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. பர்மா பஜாரில் வாங்கியது, மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது என்று பல ஜாதகம் சொல்லுவார்கள். உள்ளே திறந்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். கடையில் மற்ற மெக்கானிக்குகள் அதைப் பொம்மை என்று ஒதுக்கியதால் எல்லாம் என் டேபிளுக்கு வந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லையா, அடாப்டர் ஒயரைப் பார்க்க வேண்டும். சொருகும் பின்னுக்குப் பக்கத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும். விளக்கு எரிந்தும் படம் வரவில்லையா, மெஷினில் சொருகும் விளையாட்டுக் கேசட்டைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஊரே கேசட்டை வாயில் வைத்து ஊதியது. எச்சில் பட்டுப் பட்டு அதன் செம்புப் பற்களில் பச்சை பிடித்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாசனை ரப்பரால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். என் கையில் எப்போதும் அந்த ரப்பர் வாசனைதான். பெசன்ட் நகரிலிருந்து வருகிற மெஷின்களில் உப்புக்காற்றுத் துரு இருக்கும். ஒன்றைத் திறந்தபோது எறும்புகள் முட்டையோடு குடித்தனம் செய்துகொண்டிருந்தன.

அப்படி ஒரு நாள் ராகவன் சார் வந்தார். மயிலாப்பூர், ஏதோ பேங்கில் ஆபீசர். நெற்றியில் கீற்று, கையில் மஞ்சள் பை. பைக்குள் டிவி கேம். பெண்ணுடையது என்று யாரும் கேட்காமலே சொன்னார். விளக்கு எரிகிறதாம், ஆனால் டிவியில் வெறும் புள்ளிப் புள்ளியாகப் பொரிகிறதாம். நான் ஒயரை நேராகக் கடை டிவியில் சொருகினேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. முதுகில் மூட்டை கட்டிய ஒரு சின்ன மனுஷன் திரையில் நின்றான். இந்த மெஷின்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் பட்டனைத் தொடாமல் விட்டால் அதுவே கொஞ்சம் விளையாடிக் காட்டும். மூட்டைக்காரன் ஓடுவான், ஒரு கல்லைத் தாண்டுவான், அடுத்து வரும் பள்ளத்தில் விழுவான். மறுபடி முதலிலிருந்து ஓடுவான். சார் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று ரப்பர் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன்.

மறுநாளே மஞ்சள் பை திரும்ப வந்தது. வீட்டில் வரவில்லையாம். கடையில் போட்டால் மூட்டைக்காரன் சுகமாக ஓடுகிறான். இந்த முறை மெஷினைக் கழற்றி, சந்தேகப்பட்ட இடமெல்லாம் புது ஈயம் வைத்து, இரண்டு நாள் வைத்திருந்து ஓடவிட்டுப் பார்த்துக் கொடுத்தேன். பை மூன்றாம் முறையும் வந்தது. சார் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். வேறு யாராவது பார்க்க முடியுமா என்று தனகோட்டி அண்ணனிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

நவராத்திரி முடியப்போகிற நேரம். மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் கடையில் அன்றைக்கு ஒவ்வொருவர் ஆயுதமும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கப்படும். அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "அவரு ஊட்டுக்கே போய் பாத்துட்டு வா. நாளிக்கி பூஜையில உன் ஸ்க்ரூ டிரைவரை வெக்கிறதா, பில் புக்கை வெக்கிறதான்னு அப்பால பாத்துக்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பில் புக் என்றால் கவுண்டர். கவுண்டருக்குப் போனால் இந்த ஜன்மத்தில் டேபிளுக்குத் திரும்ப முடியாது.

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் மாடி வீடு. கதவைத் திறந்தது சாரின் மனைவி சுகந்தா மாமி. ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கொலுப்படி. நவராத்திரியில் பெண்ணாய்ப் பிறந்தவள் யார் வாசலுக்கு வந்தாலும் மாமிக்கு அவள் கொலு பார்க்க வந்தவள்தான். நான் டூல்ஸ் பையைக் காட்டினேன். மாமி குங்குமச் சிமிழைக் காட்டினார். கையில் சுண்டல் ஏறியது. "ஒரு பாட்டுப் பாடிட்டு வேலையப் பாரேன், கொழந்தே" என்றார். எனக்கு சினிமாப் பாட்டுதான் தெரியும் என்றேன். "அதனால என்ன, அம்பாள் கேக்காததா" என்றார். வேலை முடியட்டும் மாமி என்று கெஞ்சித் தப்பித்தேன்.

டிவி பால்கனி ஓரத்து மூலையில் இருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து உட்கார்ந்தேன். ஒரு கையில் மீட்டர், மறு கையில் சுண்டல் தொன்னை. அடாப்டரில் மின்சாரம் சரியாக வந்தது. கேபிளில் எல்லா நிகழ்ச்சியும் தெளிவாக வந்தது. கேமுக்கு மாற்றினால் பொரிந்தது. ஒவ்வொரு சேனலாகத் திருகிப் பார்த்தேன். கேசட்டை மாற்றினேன். கடைசியில் படித்த படிப்பையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நானும் வாயில் வைத்து ஊதினேன். ஒன்றும் நடக்கவில்லை. பேங்கிலிருந்து வந்திருந்த சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பெண் எங்கே என்று பேச்சுக்குக் கேட்டேன். திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது என்றார் மாமி. சார் கூரையைப் பார்த்தார். யார் விளையாடுகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மெஷின் தன்பாட்டுக்கு ஓட, நான் சந்தனம் வைத்த பில் புக்கை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கீழ் வீட்டு மாமி வெற்றிலை பாக்குக்காக மேலே வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாக இருந்தார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்சேஞ்ச் மாமி. முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, சுகந்தா மாமியிடம் ஊர்க்கதை பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"ஏண்டி சுகந்தா, இப்பல்லாம் சாயங்காலம் நியூஸ் வர எடத்துல ஒரு சின்ன மனுஷன் வரானே, பாக்கறியோ? முதுகுல மூட்டையோட ஓடிண்டே இருக்கான். நித்யம் அதே பள்ளத்துல போய் விழறான். யாருமே அவனுக்குச் சொல்லமாட்டாளா?"

நான் டிவிக்குப் பின்னாலிருந்து எழுந்த வேகத்தில் தலையைச் சுவரில் இடித்துக்கொண்டேன். மாமி, இன்றைக்கு வந்தானா என்று கேட்டேன். இப்போதுகூட ஓடிக்கொண்டுதான் இருக்கிறான், டிவியை அணைக்காமல் வந்துவிட்டேன் என்றார். சாவியை வாங்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன். கீழ் வீட்டு டிவியில், கண்ணாடி மாதிரிப் படத்தில், மூட்டைக்காரன் கல்லைத் தாண்டிப் போய்ப் பள்ளத்தில் விழுந்தான். ஒருவன் விழுவதை அவ்வளவு சந்தோஷமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் தனியாக நின்று கொஞ்சம் அழுதுவிட்டேன்.

விஷயம் ரொம்பச் சின்னது. டிவிக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா தொங்கும். கேபிள் ஒயர் ஒரு பக்கம், கேம் ஒயர் ஒரு பக்கம், மூன்றாவது முனை டிவிக்கு. பொத்தானைத் தள்ளினால் இரண்டில் ஒன்று டிவிக்குப் போகும். கொலுப்படிக்கு இடம் வேண்டும் என்று டிவியை மூலைக்கு நகர்த்தியபோது, ஒயரை நீட்டிக் கொடுக்க வந்த கேபிள்காரர், கேபிளையும் டிவியையும் முனை மாற்றிச் சொருகிவிட்டார். அப்படிச் சொருகினாலும் டிவி பார்க்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. கேமுக்குத் தள்ளினால் படம் டிவிக்குப் போகாமல் கேபிள் வழியே வெளியே போய்விடும். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே ஒயரைத்தான் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். சார் கடைக்கு மெஷினை மட்டும் கொண்டுவந்தார். அந்த டப்பா டிவியோடு சேர்ந்தது என்று அவர் நினைத்தார். நாங்களும் கேட்கவில்லை.

முனைகளை மாற்றிச் சொருகினேன். படம் வந்தது. சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் பாஸானவர் மாதிரி இருந்தது. எக்ஸ்சேஞ்ச் மாமிக்கு விளக்கிச் சொன்னதும், எங்கள் காலத்தில் இதற்குக் கிராஸ் டாக் என்று பேர், எத்தனை பேர் வீட்டுச் சண்டையைக் கேட்டிருப்பேன் என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டார்.

"அப்போ இனிமே அவன் நம்மாத்துக்கு வரமாட்டானா?" என்று கேட்டார்.

சுகந்தா மாமி, நீங்கள் மேலே வந்து பாருங்களேன் என்றார். முட்டி விடவேண்டுமே என்றார் எக்ஸ்சேஞ்ச் மாமி. என் பையில் ஒரு ஒயரை இரண்டாகப் பிரிக்கும் சின்ன இணைப்பு ஒன்று கிடந்தது. பழுது என்று இத்தனை நாள் நான் தேடியதை, கண்டுபிடித்த சூட்டோடு பாதியாகத் திரும்ப மாட்டினேன். கேம் படம் மேல் டிவிக்கும் போகும், கேபிள் வழியே கீழேயும் போகும். சாருக்குத்தான் தர்மசங்கடம். தான் விளையாடுவதை இனி ஒருவர் பார்ப்பார்.

எக்ஸ்சேஞ்ச் மாமி கீழே இறங்கிப் போய் உட்காரும்வரை நாங்கள் காத்திருந்தோம். சார் பெண்ணின் ஸ்டூலில் உட்கார்ந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பட்டனைப் பிடித்தார். மூட்டைக்காரன் ஓடினான். பள்ளத்தில் விழுந்தான். பால்கனி வழியாகக் கீழேயிருந்து குரல் வந்தது. "ராகவா, இன்னும் சித்த முன்னாடி குதி."

அடுத்த முறை தாண்டிவிட்டான். கீழே கைதட்டுவது மேலே கேட்டது. சுகந்தா மாமி என் பக்கம் திரும்பி, பாட்டு பாக்கி இருக்கிறது என்றார். பாடினேன், சினிமாப் பாட்டுதான், தொண்டை கிழிய. என் குரல் நன்றாக இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

மறுநாள் பூஜையில் நடந்ததைச் சொன்னேன். தனகோட்டி அண்ணன் பொரிகடலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ரிப்பேரை சரி பண்ணுன்னா, ஊட்டுக்கு ஒண்ணா பிரிச்சி குட்த்துட்டு வந்துகீது" என்று எல்லோரிடமும் சொன்னார். பில் புக்கைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். வரிசையில் என் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு சந்தனப் பொட்டோடு கிடந்தது. வீட்டில் அப்பா, பல்பு எரிந்ததா என்று மட்டும் கேட்டார். கீழ் வீட்டிலும் எரிந்தது என்றேன்.

தி.நகர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மயிலாப்பூர் வீட்டை இடித்து லிஃப்ட் வைத்துக் கட்டிவிட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் மாமி அதற்கு முன்பே போய்விட்டார். அந்த லிஃப்ட் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஒரே ஒயரை இரண்டு வீடு பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் போயிற்று. இப்போது எங்கள் தளத்தில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கேமரா.

ஞாயிற்றுக்கிழமை அன்றைக்குக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் பெயரில்லாத ஒரு எண்ணிலிருந்து செய்தி வந்தது. தவறுதலாக வேறு யார் டிவியிலோ போட்டுவிட்டோம், மன்னிக்கவும், இனி நடக்காது என்றிருந்தது. அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் யோசித்து யோசித்து, எங்கள் டிவியில்தான் வந்தது, மன்னிப்பெல்லாம் வேண்டாம், குழந்தை வாசல்படியைத் தாண்டிவிட்டதா என்று எழுதி அனுப்பினேன். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கடைசியில் டிக் இரண்டும் நீலமாயின.

இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.