சாம்பியன் ரீப்ஸில் நான் கத்திய கத்தல்

சனிக்கிழமை காலை பெங்களூரில் ரயிலேறினேன். கோலார் தங்கவயலில் இருக்கும் சாம்பியன் ஸ்டேஷனுக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். தங்கவயல்காரர்கள் அந்நேரம் பெங்களூருக்கு வருகிறவர்கள், நான் எதிர்த்திசை. பெட்டியில் நானும் யாரோ விட்டுப்போன பேப்பரும்தான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தள்ளுவண்டியில் வெங்காயம் கூவி விற்று, இந்தக் குரலாலேயே மூன்று மாடி கட்டியவன். இப்போது அதில் நான் ஒருவன்தான்.

பேத்தி மலருக்குக் கண் தெரியாது. “விழுந்து கிழுந்து வெச்சா? ஆட்டமெல்லாம் வேணாம்” என்று மூன்று வருஷத்துக்கு முன் சொன்னேன். அவள் அம்மா, தங்கவயலில் இருக்கும் என் மகள் கமலா, அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இன்று மலரின் அணி ஜெயித்தால் அடுத்த ஆட்டம் பெங்களூரில். தங்குவது என் வீட்டில்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டம் நடக்கும் கூடத்துக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய்.

“அங்க மூச்சுகூட உடக் கூடாது பெரியவரே,” என்றார் டிரைவர்.

“என் தொண்டைக்கு மார்க்கெட்டே திரும்பும்பா.”

“அத்த வூட்லயே வெச்சிட்டு வந்திருக்கலாமே!”

பதினொரு மணிக்கு ஆட்டம். பக்கத்துக்கு மூன்று பேர், எல்லோர் கண்ணிலும் கறுப்புக் கட்டு. பந்துக்குள் மணி. அது உருளும் சத்தத்தைக் கேட்டு, தரையில் நீட்டிப் படுத்து உடம்பால் தடுக்க வேண்டும். அதனால் பார்க்கிறவர்கள் பேசவே கூடாது. கூடம் நிறைய ஜனம், மணிச் சத்தம் மட்டும். மலர் இரண்டு பந்தை இடுப்பில் வாங்கினாள். எனக்குத்தான் வலித்தது.

ஐந்துக்கு ஐந்து. கடைசி நிமிஷம். உற்சாகப்படுத்தாமல் பிள்ளை எப்படி ஜெயிக்கும்? பந்து வரும்போது, “உடாதே ராசாத்தி, புடி!” என்று கத்திவிட்டேன்.

மலரின் தலை என் பக்கம் திரும்பியது.

“தாத்தாவா?”

பந்து அவளைத் தாண்டிப் போனது. கோல் கோல்தான் என்றார் நடுவர். என்னை வெளியே போகச் சொன்னார்.

ஆட்டம் முடிந்து கமலா வாசலுக்கு வந்தாள். “இன்னாப்பா, இங்கயும் உன் குரல்தான் கேக்கணுமா?”

பின்னாலேயே சுவரைத் தொட்டபடி வந்த மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முழங்கை சிராய்த்திருந்தது.

“உடு தாத்தா. நீ வந்தது தெரிஞ்சிச்சில்ல.”

“நம்ம வூட்டுக்கு வரியாம்மா?”

“ஜெயிச்சிருந்தா வந்திருப்பேன். திங்கக்கிழமை பிராக்டீஸ் கீது.”

மூன்று மணி ரயிலில் திரும்பினேன். தங்கவயலில் ஒரு கூடம் ஜனம், பிள்ளைகளுக்குக் காது கேட்கட்டும் என்று வாயை மூடி உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டிலும் சத்தமில்லை. அங்கே நான் எவ்வளவு கத்தினாலும் ஒரு பந்தும் தவறாது. ஒரு தலையும் திரும்பாது.