பத்து முங்கலுக்கு ஒரு வாய் மருந்து

மாட்டுப்பட்டித் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தபோது, ஓர் அடைமழைக் காலையில் கொழுந்து கிள்ளும் பெண்ணொருத்தி தன் குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தாள். ஒடிசலான உடம்பு. முந்தானை முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக நின்றாள்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடு,” என்றேன்.

“எங்க லயத்து வீட்டுல ஏது கடியாரம்? அது எத்தன நாழிகைய்யா?”

“அஞ்சு.”

“வெயிலில்லாம எப்படிக் கணக்குப் பாக்க?” என்றவள், ஒரு தேங்காய்ச் சிரட்டையும் ஊசியும் கேட்டாள். சிரட்டைக் கண்ணில் துளையிட்டு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். “எங்கூர்க் கோயில்ல செம்புக் கிண்ணத்த இப்படி விடுவாவ. அது முங்குனா ஒரு நாழிகை.”

சிரட்டை மூழ்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. “இது அரை நாழிகைதான்,” என்றேன்.

“அப்பம் பத்து முங்கலுக்கு ஒரு வாய்,” என்று சொல்லி மழையில் ஓடினாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. அன்று காய்ச்சலோடு அதை லயத்தில் விட்டுவந்தவள், அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அசையாமல் எப்படி நின்றாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.