நாலாம் கட்டத்தின் மூன்று பூஜ்ஜியங்கள்

2025 ஜூன் 11, புதன்கிழமை காலை 9.42க்கு எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கடலோர உயிரினங்களைப் பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவி எழுதியது. "மேடம், 2003இல் ஆசிரியர் பயிற்சிக்காகக் கடப்பாக்கம் முகத்துவாரத்தில் நீங்கள் எடுத்த நண்டு வளைக் கணக்கை என் ஆய்வில் பயன்படுத்துகிறேன். அந்தக் கரைக்கு அந்த வருடத்தில் வேறு கணக்கே இல்லை. இணைப்பில் உள்ள பழைய கடிதத்திலும் உங்கள் கணக்கைத்தான் காட்டியிருக்கிறார்கள். உங்கள் ரஃப் நோட்டு இருந்தால் பார்க்கக் கிடைக்குமா?"

என் கணக்கை இருபத்திரண்டு வருடம் கழித்து ஒருத்தி தேடிப் படிக்கிறாள். பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டே வந்தேன். இணைப்பைத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரே பக்கம், ஓர் அரசு அலுவலகத்திலிருந்து 2004 பிப்ரவரியில் போன பதிலின் தட்டச்சு நகல். கடப்பாக்கம் உப்பங்கழியில் கையால் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் பதினொரு பெண்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் இறால் பண்ணைத் தண்ணீரைத் திறந்துவிட்டதில் முகத்துவாரத்து நண்டெல்லாம் அழிந்துபோனது, பிழைக்க வழியில்லை என்பது மனு. பதில் இப்படி முடிகிறது: "ஆசிரியர்கள் வாரந்தோறும் எடுத்த கணக்கின்படி ஆகஸ்ட் மாதத்தில் நண்டு வளைகளின் எண்ணிக்கையில் மாற்றம் ஏதும் காணப்படவில்லை. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது." கீழே பதினொரு பெயர்கள். மூன்றாவது பெயர், கன்னியம்மா.

நான்கு முறை படித்தேன்.

நான் செங்கல்பட்டில் உயிரியல் ஆசிரியை. அந்த நாளில் எங்களுக்குப் பயிற்சி என்றால் எப்படி இருக்கும் என்று சொல்லியாக வேண்டும். ஒரு ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, வருகைப் பதிவேட்டில் இரண்டு வேளைக் கையெழுத்து. பதினொரு மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும். பாடப்புத்தகத்தில் இருப்பதையே மேடையில் ஒருவர் படிப்பார். நான் எம்.எஸ்சி. படித்தவள். பள்ளியில் சேர்ந்தபின் நுண்ணோக்கியைத் தொட்டதெல்லாம் தூசி தட்டத்தான். நாற்பது வயதுக்குள் ஒரே ஒரு கேள்விக்காவது நானே விடை கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைக்கும் ஒரு கெடு வைக்கிற ஆள் நான்.

2003 ஏப்ரலில் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். மாமல்லபுரம் கரையோரம் இருந்த ஓர் ஆய்வு நிலையம் உயிரியல் ஆசிரியர்களை அழைத்தது. மே மாதத்தில் பத்து நாள் அங்கேயே தங்க வேண்டும். பிறகு டிசம்பர் வரை ஞாயிறுதோறும் அவரவருக்குக் கொடுத்த கரையில் ஆய்வு. 'உங்கள் ஆர்வத்தை எழுதுக' என்ற இடத்தில் ஐந்து வரிதான் விட்டிருந்தார்கள். நான் தனித்தாள் இணைத்து இரண்டு பக்கம் எழுதினேன்.

முதல் நாள், பொறுப்பு விஞ்ஞானி ஒருவர் பேசினார். பேச்சு இரண்டு நிமிடம்கூட இல்லை. "நீங்க பாத்தத எழுதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சத எழுதாதீங்க." அதை அப்படியே குறித்துக்கொண்டு, அடியில் சிவப்பு மையால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். அந்தக் கோடு இன்னும் நேராகத்தான் இருக்கிறது.

எனக்கும் ஷாஜகான் சாருக்கும் கடப்பாக்கம் கரை; எனக்கு நண்டு வளை, அவருக்குக் கரையோரச் செடிகள். அவர் மதுராந்தகத்தில் தாவரவியல் ஆசிரியர், கடைத்தெருவில் அவர் வீட்டாருக்குச் செருப்புக் கடை. ஞாயிறு காலை நான் செங்கல்பட்டில் பஸ் ஏறினால் அவர் மதுராந்தகத்தில் சேர்ந்துகொள்வார். கையில் வீட்டில் செய்த சமோசாப் பொட்டலம் இருக்கும். இன்றைக்கும் எங்காவது சமோசா வாசனை அடித்தால் எனக்கு நண்டு ஞாபகம் வரும். கேட்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

வேலை எளிது. ஒரு மீட்டர் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் குழாயில் ஒரு சட்டம். முளையடித்த இடத்தில் அதைச் சேற்றின்மேல் வைத்து உள்ளே எத்தனை நண்டு வளை என்று எண்ண வேண்டும். மொத்தம் ஐந்து கட்டம். நாலாவது, முகத்துவாரத்தை ஒட்டியது. ரஃப் நோட்டில் கடைசிப் பத்தி, சாட்சி. அந்த ஊர்க்காரர் ஒருவர் கூடவே நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிலையத்தின் விதி. அப்படி வந்து சேர்ந்தவர்தான் கன்னியம்மா. என் வயதுதான் இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே துழாவி இறால் பிடிப்பார். எங்களைப் பார்த்தால் எழுந்து வருவார்.

"இன்னா டீச்சரு, வூட்ல வேல இல்லியா? ஞாயித்துக்கெழம வந்து ஓட்டைய எண்ணிகினு கீற."

"கவர்மெண்டு சம்பளம்மா," என்பார் ஷாஜகான் சார். "எண்ணலன்னா நிறுத்திடுவான்."

"எங்கையாண்ட கேட்டா நானே சொல்வேனே. எங்க கீது, எங்க இல்லன்னு."

"நீ சொன்னா விஞ்ஞானம் ஆவாதாம். டீச்சரு எழுதுனாதான் ஆவுமாம்."

"அத்து சரி," என்று சிரித்துவிட்டு, பேனாவை வாங்கி மெதுவாகத் தன் பெயரை எழுதுவார். முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கட்டத்துக்கு வெளியே போவார். ஒவ்வொரு வாரமும்.

ஆகஸ்ட் 3ஆம் தேதி நாலாம் கட்டத்தில் பதினைந்து வளை. ஆகஸ்ட் 10 அன்று ஒன்றுகூட இல்லை. இடம் தவறியிருக்குமோ என்று முளையை இரண்டு முறை பார்த்தேன்.

"இன்னாத்த தேட்ற? நண்டு பூட்ச்சி டீச்சரு," என்றார் கன்னியம்மா. "பண்ணத் தண்ணிய வுட்டுட்டானுங்க. கால்ல பட்டாலே அரிக்குது. மூணு நாளா வெறுங்கையா வூட்டுக்குப் போறேன்."

நான் பூஜ்ஜியம் போட்டு நோட்டை நீட்டினேன்.

"இதுல இன்னா எழ்தினே?"

"இல்லன்னு எழுதியிருக்கேன்."

"இல்லன்றதுக்குமா எழுதுவாங்க?"

"எழுதணும்."

"அப்ப நல்லா தெரியறாப்ல எழ்து," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் பூஜ்ஜியத்தின்மேல் இன்னொரு முறை பேனாவை ஓட்டினேன். ஆகஸ்ட் 17, பூஜ்ஜியம். 24, பூஜ்ஜியம். 31ஆம் தேதிதான் ஆறு வளை கண்ணில் பட்டது.

டிசம்பர் அரையாண்டு விடுமுறையில், நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிய ஃபேர் நோட்டை எழுத உட்கார்ந்தேன்.

இங்கே கொஞ்சம் பள்ளிக்கூடத்துக்குள் போய்வர வேண்டும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டு உண்டு, தெரிந்திருக்கும். பழுப்பு அட்டை, பென்சில் படம், எல்லாச் சோதனையும் சரியாக முடிந்திருக்கும். உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றிச் சவ்வூடு பரவல் காட்டுகிற சோதனையில், வகுப்பில் பாதிப் பேருக்குத் தண்ணீர் ஏறாது. கிழங்கில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கும். "ஏறலை மிஸ்" என்று வருவார்கள். "ஏறிச்சின்னு எழுது. வெளியிலேருந்து வர்ற எக்ஸாமினர்கிட்ட கெழங்கு சரியில்லன்னா சொல்லப் போறே?" என்பேன். வருடாவருடம் சொன்னேன். என் ஆசிரியை எனக்குச் சொன்னதும் அதுதான். அதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. ஃபேர் நோட்டு என்றால் அதுதான், நடந்திருக்க வேண்டியதை நடந்ததாக எழுதுவது.

அதே கையோடுதான் நண்டுக் கணக்குக்கும் உட்கார்ந்திருக்கிறேன். வரைபடத்தில் ஆகஸ்டில் கோடு தரையில் விழுந்து கிடந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. மூன்று பூஜ்ஜியம் என்றால் எண்ணியவளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைப்பார்கள். ஜூலை மாதச் சராசரியை எடுத்து 14, 13, 14 என்று போட்டேன். மூன்றும் பதினான்காக இருந்தால் சந்தேகம் வரும் என்றுதான் நடுவில் ஒரு பதின்மூன்று. ஃபேர் நோட்டில் சாட்சிக்குப் பத்தி இல்லை.

சிறந்த பதிவேட்டுக்கான பரிசு எனக்குத்தான் கிடைத்தது. வெல்வெட் பெட்டியில் ஒரு கைலென்ஸ், ஒரு சான்றிதழ். சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினேன். ஷாஜகான் சாரின் நோட்டில் 'மழை, எண்ணவில்லை', 'பஸ் தவறியது' என்றெல்லாம் இருந்தது. அவருக்குப் பங்கேற்றதற்கான தாள் மட்டும்.

எண்களை மாற்றியதை நினைவிலிருந்து எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அது மட்டும் நினைவில் இல்லவே இல்லை. இதுதான் என்னை உலுக்குகிறது. ஒரு தவறைச் செய்து மறைத்தவள் இருபத்திரண்டு வருடம் அதைச் சுமந்திருப்பாள். நான் எதையும் சுமக்கவில்லை. அன்றைக்கு, அந்தப் புதன்கிழமை, பரணில் ஏறி ரஃப் நோட்டை எடுக்கும்வரை அந்தப் பதினான்குகள் நண்டுகளுடையவை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நோட்டைத் திறந்ததும் உப்பங்கழிச் சேற்றின் வாசனை வந்தது என்று எழுத ஆசைதான். பூச்சி உருண்டை வாசனைதான் வந்தது. ஆகஸ்ட் 10இன் பக்கத்தில் இரண்டு முறை பேனா ஓடிய கனத்த பூஜ்ஜியம். அருகில் கட்டத்துக்கு வெளியே போன கையெழுத்து. பின்னட்டையில் பென்சிலில், என் கையெழுத்தில், ஜூலைச் சராசரி போட்ட கணக்கு.

தேதி இல்லாத காகிதத்தை வீட்டில் வைத்துக்கொள்ளாதவள் நான். ஊரில் யாருக்காவது பழைய பஸ் கட்டணமோ ஏரி நிரம்பிய தேதியோ வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்பார்கள்.

ஷாஜகான் சாருக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்றுச் செருப்புக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் அன்னிக்கே பாத்தேன்மா," என்றார். "உங்க ரெக்கார்டுல ஒரு ஜீரோகூட இல்ல. பஸ்ல பக்கத்துல உக்காந்து வந்தவன் எனக்குத் தெரியாதா?"

"ஏன் சார் கேக்கல?"

"கேட்டா கோச்சிப்பீங்க. அதோட, பிரைஸ் நோட்டுன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். நானும் வாத்தியார்தானே."

ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, அதே வழியில் கடப்பாக்கம் போனேன். முதல் மூன்று கட்டங்கள் இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகக் காட்ட முடிகிறது. நாலாம் கட்டம் இருந்த இடம் இப்போது தண்ணீருக்குள். முகத்துவாரமே தள்ளிப் போயிருக்கிறது. பண்ணை இருந்த பக்கம் மஞ்சள் பூசிய மனைக் கற்கள். நிழலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கன்னியம்மாவைக் கேட்டேன்.

"எந்தக் கன்னிமா? இங்க மூணு கன்னிமா இருந்துச்சிங்க."

"உப்பங்கழியில நண்டு, இறால் புடிப்பாங்களே."

"மூணு பேருந்தான் புட்ச்சிகினு இருந்துச்சிங்க. ஒண்ணு செத்துப் பூட்ச்சி. ஒண்ணு எங்கையோ கீது, தெரில. இன்னொண்ணு நாவலூர்ல பொண்ணு வூட்ல. அபார்ட்மெண்ட்ல பெருக்கித் தொடைக்குது." போனைத் தேடி ஓர் எண்ணைச் சொன்னார். "நீ யாரு, லோன் பேங்கா?"

"டீச்சர்," என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ரஃப் நோட்டின் எல்லாப் பக்கங்களையும், பின்னட்டை உட்பட, படமெடுத்து அந்த மாணவிக்கு அனுப்பினேன். 'ஆகஸ்ட் மாதத்து மூன்று எண்கள் நான் எண்ணியவை அல்ல, நான் எழுதியவை' என்று கடிதத்தில் குறிப்பிட்டேன். மறுநாள் பதில் வந்தது. "நன்றி மேடம். இனி ஃபேர் நோட்டில் உள்ள எந்த எண்ணையும் பயன்படுத்த மாட்டேன்." மரியாதையான கடிதம்தான். அந்த 'எந்த' என்ற சொல்லைவிட்டு நான் இன்னும் நகரவில்லை. மனு முடித்து வைக்கப்பட்ட அலுவலகத்துக்கும் நகல்களோடு ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை.

சான்றிதழைக் கழற்றிவிட்டேன். சுவரில் அது இருந்த சதுரம் மட்டும் வெளுக்காமல் இருக்கிறது.

ஆசிரியர்களைக் கரைக்கு அழைத்துப்போகும் அந்தப் பயிற்சி அதற்கப்புறம் ஒரு வருடம்கூட நடக்கவில்லை. இப்போது பயிற்சி போனிலேயே வருகிறது. வீடியோவை ஓடவிட்டால் போதும், முடிவில் ஐந்து கேள்வி, உடனே சான்றிதழ். போன மாதம் 'கள ஆய்வு முறைகள்' என்ற பயிற்சியை, சாம்பார் தாளித்துக்கொண்டே, ஒலியைக் குறைத்து வைத்து முடித்தேன். ஐந்துக்கு ஐந்து. அந்த உப்பங்கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து இறால் துழாவும் பெண்களை ஜூன் 15 அன்று நான் பார்க்கவில்லை. கண்ணில் பட்ட கரையில் வளைகளை எண்ணினேன், நான்கு இருந்தன. சாட்சி இல்லை.

அந்தப் பதிலின் தட்டச்சு நகலில் மனுக் கொடுத்தவர்களின் பெயர்கள் மட்டும்தான் இருக்கின்றன, கையெழுத்துகள் இல்லை. நாவலூர் எண்ணை இன்று, ஜூன் 29 வரை, நான் அழைக்கவில்லை. என் பூஜ்ஜியங்களுக்குப் பக்கத்தில் மூன்று ஞாயிறு கையெழுத்துப் போட்ட கன்னியம்மாவும், என் பதினான்குகளால் தள்ளப்பட்ட மனுவில் மூன்றாவதாக இருக்கும் கன்னியம்மாவும் ஒருவர்தானா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.