வடக்குச் சுவருக்கு அப்பால்

இஃது உண்மையில் நடந்தது. நம்பாதவரை நான் வற்புறுத்தப் போவதில்லை. இங்கே வரும் நேரங்கள் யாவும் தூருன் எக்வால் அன்று தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தவை. ஒரு நிமிடத்தையும் நான் கூட்டவில்லை.

யேவ்லே துறைமுகத்தின் பின்புறம் பழைய எரிவாயு ஆலை நின்ற நிலம் ஒன்று உண்டு. ஆலையை இடித்து அறுபது ஆண்டுகள் கழிந்தும் மண்ணில் தார் நாற்றம் மாறவில்லை. அந்த நிலத்தைத் தூய்மையாக்கி அங்கே மழலையர் பள்ளி கட்டவேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தார் பதினோர் ஆண்டுகள் மன்றாடினர். அதுவரை பிள்ளைகளுக்குத் தகரக் கொட்டகைதான். ஒருவழியாகக் கெட்ட மண்ணெல்லாம் அள்ளப்பட்டுவிட்டது. எஞ்சியது நான்கு மீட்டர் ஆழக் குழி ஒன்று. மண் சரியாதிருக்க அதன் நாற்புறமும் இரும்புத் தகடுகளை அறைந்து சுவராக்கியிருந்தனர். குழி சுத்தம் என்று மண் பரிசோதகரான தூருன் நான்கு மணிக்குள் கையெழுத்திட வேண்டும். இட்டால் மறுநாளே நல்ல மணல் வந்து இறங்கும். தவறினால் லாரிகள் வேறிடம் போய்விடும். பிறகு இளவேனிலில்தான் வேலை.

அன்று டிசம்பர் ஒன்பது. வடகோடி ஊர் என்பதால் மூன்று மணிக்கு முன்பே பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கிவிட்டது.

குழிக்குள் கடைசி மண் மாதிரிகளை எடுத்துக்கொண்டிருந்தவன் அவள் உதவியாளன் ஹால்வர். தூருன் மேலே, குழியின் ஓரத்தில் மேசையிட்டு, அவன் கயிற்றில் அனுப்பிய மண்ணைப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். முகமூடி அணிந்தவன் குரல் மேலே கேளாது. ஆதலால் சுத்தியலால் இரும்புச் சுவரில் தட்டுவது அவர்கள் வழக்கம். கீழிருந்து ஒரு தட்டல் வந்தால், நலம். மூன்று வந்தால், என்னை வெளியே எடு. மேலே நிற்பவர் பதிலுக்கு இரண்டு தட்டவேண்டும். இரண்டுக்குப் பொருள்: கேட்டது, வருகிறேன்.

3.10. ஒரு தட்டல்.

3.20. ஒரு தட்டல். தூருன் தலை நிமிராமலே குறித்துக்கொண்டாள். ஏற்கெனவே மேலே வந்திருந்த ஐந்து மாதிரிகளும் சுத்தம்.

3.28. மூன்று தட்டல்கள்.

கை தானாகவே சுத்தியலை எடுத்தது. விளிம்பில் இரண்டு தட்டினாள். விளக்கைத் தூக்கிக்கொண்டு ஏணிக்கு ஓடினாள்.

குழியில் யாரும் இல்லை.

"யாரைத் தேடுற?"

திரும்பினாள். ஹால்வர் கையில் காப்பிக் கோப்பையோடு நின்றான். அவன் பின்னால் சங்கத் தலைவி மாய், குங்குமப்பூ ரொட்டித் தட்டுடன்.

"நீ எப்போ மேல வந்த?"

"முகமூடி மூச்சு முட்டுச்சு. அந்தப் பக்க ஏணில ஏறிட்டேன். சைகை கொடுக்காதது தப்புதான். அதுக்காக முறைக்காதே தாயே."

"எப்போ வந்தேன்னு கேட்டேன்."

மாய் பதில் சொன்னாள். "ரேடியோல மூணு மணிச் செய்தி முடிஞ்சதும் வந்துட்டான். அப்போ இருந்து நாலு ரொட்டி தின்னாச்சு."

தூருன் குறிப்பேட்டைப் பார்த்தாள்.

3.10... 3.20...

"அப்போ தட்டினது யாரு?"

"எலி. எங்க ஊர் எலி சுத்தியல் வெச்சிருக்கும்," என்று ஹால்வர் சிரித்தான்.

3.36. மூன்று தட்டல்கள்.

சிரிப்பு நின்றது.

ஒலி வடக்குச் சுவரிலிருந்து வந்தது. சுவருக்கு இப்புறம் வெறுங்குழி. அப்புறம், பிள்ளைகள் விளையாடவென்று பள்ளித் திட்டத்தில் குறித்து வைத்த இடம். ஆலையின் எந்த வரைபடத்திலும் அங்கே ஒன்றும் இல்லை.

"குளிருக்கு இரும்பு சுருங்குது. சத்தம் வரத்தான் செய்யும்," என்றான் ஹால்வர்.

"சுருங்குற இரும்பு எண்ணித் தட்டுமா?"

மாய் தட்டைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல, தூருன். கையெழுத்துப் போடு. பதினோரு வருஷம்டி. என் பேரன் அந்தக் கொட்டகைல இருமியே வளர்ந்துட்டான்."

அவள் கண்கள் சுவரை நோக்கவே இல்லை.

3.52. தூருன் பேனாவை மூடினாள்.

தட்டல்களைப் பற்றி அவள் அறிக்கையில் ஒரு சொல்லும் எழுதவில்லை. வடக்குச் சுவருக்கு அப்பால் மேலும் ஒரு துளையிட்டுப் பார்த்த பின்னரே ஒப்புதல் என்று மட்டும் எழுதினாள். லாரிகள் போய்விட்டன. கிறிஸ்துமஸ் வரையில் தெருவில் எவரும் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜனவரி பதினாறு, காலை பத்து மணி. துளையிடும் கருவி இரண்டு மீட்டர் ஆழத்தில் இரும்பில் மோதியது.

எந்த வரைபடத்திலும் இல்லாத தார்த்தொட்டி. மூடியை வெளிப்புறத்திலிருந்து திருகாணிகளால் முடுக்கியிருந்தனர். திறந்தபோது உள்ளே முழங்கால் அளவு தார்.

மாய் ஓடிவந்து தூருனின் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். "நல்லவேளை, நீ என் பேச்சைக் கேக்கல."

தூருன் விளக்கைத் தொட்டிக்குள் இறக்கினாள்.

ஆள் இல்லை. தாரை இறைத்துப் பார்த்தபோதும் ஓர் எலும்பு இல்லை. உட்சுவரில் மட்டும் சுத்தியல் பட்ட பள்ளங்கள். மூன்று மூன்றாக... துருவேறி... கை எட்டும் உயரம் வரையில்.

ஒரு மூலையில் மட்டும் துரு இல்லை. பள்ளங்கள் புதிதாக மின்னின.

ஒன்று.

ஒன்று.

மூன்று.

மூன்று.

குறிப்பேட்டில் இருந்தவை அவ்வளவே. சுவரில், அவற்றின் கீழே, மேலும் சில பள்ளங்கள் இருந்தன.

இரண்டு.

கேட்டது. வருகிறேன்.

மூடியைத் திறக்கச் சொன்னவள் தூருன்தான்.